உயிர்வேலி அடியில் மொட்டையாகிவிட்டது, எப்படி வெட்டுவது?

தோட்டத்தைச் சுற்றி ஏறத்தாழ 200 மீட்டர் கொடுக்காப்புளி உயிர்வேலி. வைத்து 9 வருடம். உயரம் பத்தடியைத் தாண்டிவிட்டது. மேலே ஒரே அடர்த்தி. முழங்கால் உயரம் வரை வெறும் தண்டு. ஆடு குனியாமலே நுழைகிறது.

3 வருடமாக பெட்ரோல் மெஷினால் வெட்டுகிறேன். டூ ஸ்ட்ரோக், 60 செ.மீ. பிளேடு. ஒவ்வொரு முறையும் ஒரே உயரத்தில் மட்டம் தட்டியதுதான் தப்போ என்னவோ, வெட்டிய இடம் முடிச்சாகி அங்கிருந்தே துடைப்பம் மாதிரி கிளம்புகிறது. கட்டைவிரலை விடப் பருமனான கிளையை மெஷின் வெட்டுவதில்லை, நார் நாராகக் கிழிக்கிறது. கிழிந்தவை நுனியிலிருந்து காய்கின்றன. பிளேடைச் சாணை பிடித்தும் மாற்றமில்லை. போன வருடம் வெயில் கீழே இறங்கட்டும் என்று அடி அகலமாக, மேலே குறுகலாக வெட்டிப் பார்த்தேன். நடுவில் தளிர்த்தது, அடியில் ஒன்றுமில்லை.

இந்த முறை தொடங்கிய அன்றே குஞ்சுகளோடு ஒரு கூடு கண்ணில் பட்டது. சரி, அவை பறக்கட்டும் என்று மெஷினை அணைத்துவிட்டேன். கிழக்கு மூலையில் மின்கம்பி வேலியை உரசுகிற அளவில் போகிறது. மின்சாரத்தை நிறுத்தாமல் அந்தப் பக்கம் போவதாக இல்லை.

தண்டுகளைத் தரையிலிருந்து ஓரடி விட்டுக் கைவாளால் அறுக்கலாம் என்று நினைக்கிறேன். முழு வேலியையும் ஒரே தடவையில் அறுக்கலாமா, இல்லை பறவைகளுக்கு இடம் விட்டு வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்காக அறுப்பதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.