கல் பங்களாவும் உதகை அரசு கலைக் கல்லூரியும்: வரலாற்றை எந்த ஆண்டில் தொடங்குவது?

லவ்டேல்வாசி:
உதகை அரசு கலைக் கல்லூரி 1955இல் தொடங்கப்பட்டது என்று ஒரே வரியில் சொல்லி நகர்வது போதாது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1822இல் கட்டத் தொடங்கிய கல் பங்களா (ஸ்டோன்ஹவுஸ்), உதகையில் எழுந்த முதல் ஐரோப்பிய வீடு. கோடையில் மலையேறி வந்த சென்னை மாகாண அரசின் அலுவலகங்கள் இயங்கிய அந்தப் பங்களா நிற்கும் ஸ்டோன்ஹவுஸ் குன்றுதான் பின்னர் கல்லூரி வளாகமாகி மாணவர்கள் கைக்கு வந்தது. ஆகவே 1822இலிருந்து எழுதுவதே முறை.

கேத்திக்காரன்:
மறுக்கிறேன். ஆட்சியாளர் குடியிருந்த காலத்தைக் கல்வியின் காலமாக எண்ண இயலாது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் நிறுவப்பட்டது. ராபர்ட் சிஸ்ஹோம் வடிவமைத்த அதன் செனட் இல்லமோ 1874க்கும் 1879க்கும் இடையில்தான் கட்டப்பட்டது. கட்டடம் பிந்தியதால் பல்கலைக்கழகத்தின் தொடக்கத்தை யாரும் தள்ளிப்போடவில்லை, கட்டடம் முந்திய இடத்திலும் அதே நியாயம்தானே?

கோத்தகிரி வாசகர்:
இருவரும் நிலத்தை விட்டுவிட்டீர்கள். ஏக்கர் ஒரு ரூபாய் என்ற விலையில், எருமை மேய்க்கும் நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களிடமிருந்து சல்லிவன் பெற்ற நிலம் அது. எருமைகள் மேய்ந்த புல்வெளி கட்டடமனையாக மாறியதைச் சொல்லாத வரலாறு எந்த ஆண்டில் தொடங்கினாலும் குறையுடையதே. அதே சல்லிவன் பின்னாளில் தோடரின் நில உரிமைக்காக அரசிடம் வாதாடினார் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

லவ்டேல்வாசி:
கோத்தகிரி நண்பர் சொல்வது என் வாதத்தையே வலுப்படுத்துகிறது. 1955இல் தொடங்கினால் தோடர்கள் எந்தப் பக்கத்தில் வருவார்கள்? செனட் இல்லம் பல்கலைக்கழகத்திற்கென்றே கட்டப்பட்டது. வேறொரு தேவைக்காக எழுந்து, பல கை மாறிக் கல்லூரிக்கு வந்த வளாகத்திற்கு அந்த ஒப்பீடு பொருந்தாது.

கேத்திக்காரன்:
நிலத்தின் கதையையும் பங்களாவின் கதையையும் முன்வரலாறு என்று தனி அதிகாரமாக எழுதுங்கள், மகிழ்ச்சியுடன் படிப்பேன். நிறுவிய ஆண்டு மட்டும் 1955 என்றே நிற்கட்டும். படுக ஊர்களிலிருந்தும் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளிலிருந்தும் பேருந்தேறி வந்து, தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவர்களின் கல்லூரி அது. கலெக்டரின் பெயரை முதல் வரியில் வைத்தால் அவர்கள் அவருடைய வீட்டுக்குப் பின்னால் வந்த குடித்தனக்காரர்கள் போலத் தோன்றிவிடுவார்கள்.