நிழலில் தரையை மூட என்ன செடி? மற்ற செடிகளை விழுங்காததாக வேண்டும்

தூறல்:
பெரிய மரத்தடியில் கலேடியம், கலாத்தியா, கொஞ்சம் பெரணி வைத்திருக்கிறேன். நடுவில் கிடக்கும் வெறும் மண்தான் தொல்லை. தண்ணீர் ஊற்றினால் சேறு இலைகளில் தெறிக்கிறது, களையும் கிளம்புகிறது. தெரிந்தவர் ஒருவர் மஞ்சள் பூ வெடேலியா எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறேன் என்கிறார். நட்டுவிடலாமா? நேர் வெயில் கிடையாது, இலை இடுக்கில் வரும் வெளிச்சம்தான்.

மண்வெட்டி:
வேண்டவே வேண்டாம். வெடேலியாவின் தண்டு மண்ணைத் தொடும் கணுவிலெல்லாம் வேர் விடும். பிடுங்கும்போது ஒரு துண்டு தங்கினாலும் மறுபடி தழைத்துவிடும். உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று ஐ.யூ.சி.என். (பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) வெளியிட்ட பட்டியலில் இதுவும் உண்டு. ஒருவர் அள்ளி அள்ளி இலவசமாகத் தருகிறார் என்றாலே கொஞ்சம் யோசிக்க வேண்டும் :)

எல்லோரும் இலை அழகைப் பார்க்கிறார்கள். நான் அது எப்படி நகர்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். குத்தாக நின்று மெல்லப் பெருகுமா, தண்டை நீட்டி ஓடுமா, கிடைத்ததைப் பற்றி ஏறுமா? சிங்கோனியமும் மணி பிளான்ட்டும் ஏறுகிற ரகம். தரையில் சாதுவாகக் கிடக்கும். மரம் கைக்கு எட்டியதும் மேலே போய் இலையையும் பெரிதாக்கிக்கொள்ளும்.

உங்கள் இடத்துக்குக் குட்டை மாண்டோ புல் சரியாக வரும். ரொம்ப நிதானமான செடி, அதுதான் அதன் குணமும் குறையும். 10 செ.மீ. இடைவெளியில் வைத்தாலும் மூடிக்கொள்ள நாளாகும். அதுவரை நடுவில் காய்ந்த இலைகளைப் பரப்பிவிடுங்கள். கலாத்தியா ஓரமாக ஃபிட்டோனியா என்ற குட்டைச் செடியை வைக்கலாம். அதன் வேர் மேலாகவே இருக்கும், இரண்டுக்குமே ஈரம் பிடிக்கும்.

கலேடியம்தான் சிக்கல். இலை உதிர்த்துக் கிழங்காக உறங்கும் மாதங்களில் அதற்கு ஈரம் ஆகாது. நீங்களோ மேலே உள்ள படர்செடிக்காகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பீர்கள், கிழங்கு அழுகிவிடும். அதைத் தொட்டியோடு மண்ணில் இறக்கி வையுங்கள். இலை விழுந்ததும் தொட்டியைத் தூக்கி உலர்ந்த இடத்தில் வைத்துவிடலாம்.

செம்பருத்தி:
வல்லாரையை ஏன் யாரும் சொல்லவில்லை? நிழல், ஈரம் இரண்டும் அதற்கு ஒத்துப்போகும்.

மண்வெட்டி:
நல்ல செடிதான், ஆனால் அதுவும் ஓடுகிற ரகம். முழங்கால் உயரச் செடிகளுக்குக் கீழே விட்டால் பிரச்சினை இல்லை, மிஞ்சியதை இழுத்தால் சுலபமாக வந்துவிடும். ஃபிட்டோனியா பக்கத்தில் விட்டால் அதை அமுக்கிவிடும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

அப்புறம் தூறல், உங்கள் பெரணி எது? நீளமான இலை, இரண்டு பக்கமும் சீப்புப் பல் மாதிரி அடுக்கு என்றால் அது நெஃப்ரோலெபிஸ், அதுவும் ஓடுகிற ரகம்தான்.

தூறல்:
அதேதான். சுற்றிலும் நூல் மாதிரி ஏதோ நீட்டிக்கொண்டிருக்கிறது.

மண்வெட்டி:
அந்த நூல்தான் அதன் ஓடுதண்டு, நுனியில் புதுச் செடி வரும். புல்லை நடுவதற்கு முன்னால் பெரணியைச் சுற்றிப் பழைய கூரை ஓடுகளைச் செங்குத்தாகப் புதைத்து, மேல் விளிம்பு மட்டும் வெளியே தெரியும்படி விடுங்கள். தாண்டி வரும் நூலைக் கத்தரித்தால் போதும். மரத்தின் வேர்களை மட்டும் வெட்டிவிடாதீர்கள். குறுக்கே வந்தால் ஓட்டைத் தள்ளி வையுங்கள்.