காக்கஸ்: ‘குழு’ என்று எழுதுவதை விட்டுவிடுவோம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் தாமாகச் சேர்ந்து அமைத்துக்கொள்ளும் ‘காக்கஸ்’ (caucus) என்பதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம், ‘குழு’ (committee) என்றே எழுதலாமா என்று இந்த இழையில் வந்த பரிந்துரைகள் எல்லாவற்றையும் படித்தேன். ஒவ்வொன்றாக மறுமொழி எழுதினால் நீளும். அதனால் எனக்கு முக்கியமாகப் பட்டவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

> காக்கஸும் ஒருவகைக் குழுதானே? இருக்கிற சொல் போதும், புதுச்சொல் எதற்கு?

ஐயா, போதாது என்பதே என் உறுதியான கருத்து. அமெரிக்கப் பிரதிநிதிகள் அவை உறுப்பினர் ஒருவரைப் பற்றிய அறிமுகக் குறிப்பைத் தமிழில் எழுதிப் பாருங்கள். “எரிசக்தி, வணிகக் குழுவில் இருக்கிறார், இந்தியா குழுவின் இணைத்தலைவர்” என்று வரும். படிப்பவர் இரண்டும் ஒரே தன்மையுடையவை என்றுதான் எடுத்துக்கொள்வார். முதலாவது, சட்ட முன்வடிவைக் கையில் வாங்கி, விசாரித்து, வரிவரியாகத் திருத்தி அவைக்கு அனுப்பும் அமைப்பு. அனுப்பாமல் கிடப்பில் போடவும் அதனால் முடியும். பெரும்பாலான முன்வடிவுகளின் ஆயுள் குழுவிலேயே முடிகிறது. அழைப்பாணை அனுப்பிச் சாட்சிகளை வரவழைக்கும் அதிகாரமும் அதற்கு உண்டு. இரண்டாவதோ 1993-இல் உறுப்பினர்கள் தாமாகச் சேர்ந்து தொடங்கியது. அதற்கு எந்த முன்வடிவும் அனுப்பப்படுவதில்லை. அமெரிக்க நாடாளுமன்றமே இந்தியாவுக்கென்று ஒரு குழு அமைத்திருக்கிறது என்று வாசகர் நம்பினால், குற்றம் நாம் கொடுத்த சொல்லின் மேல்தான்.

வேறுபாடு எங்கே இருக்கிறது என்பதை ஓர் உறுப்பினரின் அனுபவமே காட்டிவிடுகிறது. 2021 பிப்ரவரியில் குடியரசுக் கட்சி உறுப்பினர் மார்ஜரி டெய்லர் கிரீன் தம் குழுப் பொறுப்புகளை இழந்தார். அவை முழுவதும் வாக்களித்து அவரை நீக்கியது. 2023-இல், அக்கட்சியின் தீவிர வலதுசாரிகள் சேர்ந்த ஃப்ரீடம் காக்கஸிலிருந்தும் நீக்கப்பட்டார். அப்போது வாக்களித்தவர்கள் அந்தக் காக்கஸின் உறுப்பினர்கள் மட்டுமே. அவைக்கு அதில் வேலையே இல்லை. குழு என்பது அவை தந்த இடம். காக்கஸ் என்பது உறுப்பினர்கள் தாமே தேடிச் சேர்ந்துகொண்ட இடம். நாம் தேடும் சொல் இதைத்தான் சொல்லவேண்டும்.

> ‘ஆர்வலர் வட்டம்’ என்று வைத்தால் அதிகாரம் இல்லாதது தெளிவாகிவிடும்.

அம்மா, அதிகாரம் இல்லை என்பது உண்மை. 1995 வரை சில காக்கஸ்களுக்குத் தனி அலுவலகமும் ஊழியர்களும் இருந்தன. அந்த ஆண்டு அவை அதை நிறுத்திவிட்டது. இப்போது காக்கஸ்கள் அவையின் நிர்வாகக் குழுவிடம் பதிவு செய்துகொள்ளலாம், அவ்வளவே. வேலையை உறுப்பினர்கள் தத்தம் சொந்த அலுவலக ஊழியர்களை வைத்தே பார்த்துக்கொள்ளவேண்டும். ஆனால் அதிகாரம் இல்லாததால் பலமும் இல்லை என்றாகிவிடாது. 2015-இல் அவைத்தலைவர் ஜான் போனர் பதவி விலகியதற்கு அதே ஃப்ரீடம் காக்கஸ் தந்த நெருக்கடி முக்கியக் காரணம். 2021-இல் ஜனநாயகக் கட்சியின் இடதுசாரிகள் சேர்ந்த முற்போக்குக் காக்கஸ் பிடிவாதமாக நின்றதால் உட்கட்டமைப்புச் சட்டத்தின் வாக்கெடுப்பு தள்ளிப்போனது. கறுப்பின உறுப்பினர்கள் 13 பேர் 1971-இல் தொடங்கிய காக்கஸ் இன்றுவரை செல்வாக்கோடு இருக்கிறது. இவற்றையெல்லாம் ‘ஆர்வலர் வட்டம்’ என்றால், ஓய்வு நேரத்தில் கூடிப் பேசுகிறவர்கள் என்ற எண்ணம் வரும். சொல் அந்த அளவுக்கு மெலிந்துவிடக் கூடாது.

‘உட்குழு’ வேண்டாம். குழுக்களுக்குக் கீழே உண்மையாகவே துணைக்குழுக்கள் இருக்கின்றன; அவற்றோடு குழம்பிவிடும். உத்திரமேரூர்க் கல்வெட்டுகளிலிருந்து ‘வாரியம்’ எடுத்துத் தந்த நண்பருக்கு நன்றி. 919, 921 ஆண்டுகளின் அந்தக் கல்வெட்டுகளில் வரும் ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் சபைக்காகக் குடவோலையில் தேர்ந்தெடுக்கப்பட்டவை, காலவரையறை உள்ளவை. அதாவது அவை நாம் இன்று குழு என்பதற்குத்தான் நெருக்கம், காக்கஸுக்கு அல்ல.

‘ஆயம்’ என்ற பரிந்துரையைக் கைவிடத்தான் மனம் வரவில்லை. சிலப்பதிகாரத்தில் ஐம்பெருங்குழுவும் எண்பேராயமும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. அகப்பாடல்களில் தலைவியோடு கூடித் திரியும் தோழியர் கூட்டமும் ஆயம்தான். யாரும் நியமிக்காமல் ஒட்டுறவால் சேர்ந்த கூட்டம். பொருள் அழகாகப் பொருந்துகிறது. ஆனால் இன்றைய காது தீர்ப்பாயத்தைக் கேட்டுப் பழகியது. சட்டத்தால் அமைந்து ஆணை பிறப்பிக்கும் அமைப்பு என்றே ‘ஆயம்’ ஒலிக்கும். எந்தத் தவறான எண்ணத்தைத் தவிர்க்கப் பார்க்கிறோமோ அதையே இந்தச் சொல் திரும்பக் கொண்டுவரும். ஆகவே வேண்டாம் என்கிறேன், வருத்தத்தோடு.

இலங்கை நாடாளுமன்றம் இதற்கு ஏற்கெனவே ஒரு விடை வைத்திருக்கிறது. அங்கே பெண் உறுப்பினர்களின் காக்கஸைப் ‘பெண் பாராளுமன்ற உறுப்பினர்களின் ஒன்றியம்’ என்று தமிழில் எழுதுகிறார்கள். கட்சி கடந்து, ஒரு நோக்கத்துக்காகத் தாமே ஒன்றியவர்கள் என்பதைச் சொல் நேராகச் சொல்கிறது. புழக்கத்தில் இருப்பதை விட்டுவிட்டு நாம் வேறு ஒன்றைப் புனைந்தால், ஒரே பொருளுக்குத் தமிழில் இரண்டு சொற்கள் நிற்கும்.

> தமிழ்நாட்டில் ஒன்றியம் என்றால் ஊராட்சி ஒன்றியம், இல்லையென்றால் ஒன்றிய அரசு. குழப்பம் வராதா?

தனியாக நின்றால் வரும். ‘உறுப்பினர் ஒன்றியம்’ என்று எப்போதும் சேர்த்தே எழுதுவோம். கறுப்பின உறுப்பினர் ஒன்றியம், முற்போக்கு உறுப்பினர் ஒன்றியம் என்று படிக்கும்போது ஊராட்சி யாருக்கும் நினைவுக்கு வராது.

இங்கே இன்னொன்றையும் தீர்த்தாகவேண்டும். காக்கஸ் என்ற ஒரே ஆங்கிலச் சொல் மூன்று வேலை செய்கிறது. நாமும் ஒரே சொல்லைக் கொண்டு அதைத் தொடரவேண்டிய கட்டாயம் இல்லை.

அவையில் ஒரு கட்சிக்காரர்கள் எல்லோரும் சேர்ந்த அமைப்புக்கும் அதே பெயர்தான். ஜனநாயகக் கட்சி அதைக் காக்கஸ் என்கிறது, குடியரசுக் கட்சி கான்ஃபரன்ஸ் என்கிறது. பொருள் ஒன்றே. இதில் சேர யாரும் தனியாக விண்ணப்பிப்பதில்லை. கட்சியின் சார்பில் வென்று வந்தாலே உறுப்பினர். குழுக்களில் யாருக்கு எந்த இடம் என்பதும் முதலில் இங்கேதான் முடிவாகிறது. கட்சி பெயர்களைத் தேர்ந்து ஒப்புதல் தந்த பிறகே அவை தீர்மானம் நிறைவேற்றி அவர்களை அமர்த்துகிறது. அதனால் ஓர் உறுப்பினரின் குழுப் பணியை விளக்க வருபவர் இந்தச் சொல்லைத் தொடாமல் போக முடியாது. நம் ‘சட்டமன்றக் கட்சி’ என்ற வழக்கைப் பின்பற்றலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். மாநில அவைகளுக்குச் சரி. வாஷிங்டனில் நாடாளுமன்றத்தின் பெயரே காங்கிரஸ் என்பதால், அப்படியே பொருத்தினால் ‘காங்கிரஸ் கட்சி’ என்றாகிவிடும், அதைத் தமிழில் எழுதவே முடியாது. நான் முன்வைப்பது ‘அவையணி’. ஜனநாயகக் கட்சியின் அவையணி, குடியரசுக் கட்சியின் அவையணி. மகளிர் அணி, மாணவர் அணி என்று கட்சியின் உறுப்பை ‘அணி’ என்பது நமக்குப் பழக்கமானது.

மூன்றாவது பொருள்: அயோவா மாநிலத்தில் கட்சி ஆதரவாளர்கள் கூடி அதிபர் வேட்பாளரைப் பற்றி முடிவெடுப்பது. அதற்கு ‘கட்சியர் கூடுகை’ போதும். ‘முன்கூடல்’ என்ற பரிந்துரையும் இங்கே பொருந்தும். பாஸ்டனில் ஊர் வாக்களிக்கும் முன்பே சிலர் ஒரு பரணறையில் கூடிப் பதவிகளுக்கு ஆள் தெரிவு செய்ததை, பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜான் ஆடம்ஸ் 1763-இல் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். சொல்லின் பழைய பொருள் அதுதான். ஆனாலும் ‘கூடுகை’ எளிதாகப் புரிகிறது.

சொற்றொடரில் வைத்துப் பார்க்கிறேன்: “கட்சியின் அவையணி பரிந்துரைத்து, அவை ஒப்பியதன் பேரில் அவர் நீதித்துறைக் குழுவில் இடம்பெற்றார், இந்தியா, இந்திய அமெரிக்கர் தொடர்பான உறுப்பினர் ஒன்றியத்திலும் சேர்ந்திருக்கிறார்.” முதல் பாதியில் யார் கொடுத்தது, இரண்டாம் பாதியில் யார் சேர்ந்தது என்பது அடிக்குறிப்பு இல்லாமலே விளங்குகிறது.

குழுவில் ‘ரேங்கிங் மெம்பர்’ என்பதைத் ‘தரவரிசை உறுப்பினர்’ என்று எழுதியிருப்பதை இரண்டொரு இடங்களில் பார்த்தேன். அவர் அந்தக் குழுவில் சிறுபான்மைக் கட்சிக்குத் தலைமை தாங்குபவர். ‘எதிர்த்தரப்பு முதல்வர்’ என்றால் மாநில முதல்வரோடு குழம்பும். ‘எதிர்த்தரப்பு முதன்மை உறுப்பினர்’ நீளம். இதைவிடச் சுருக்கமாக யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்.