கடற்கரையில் ஹோட்டல் வந்த பிறகு உங்களுக்கு நடந்தது என்ன?

கல்குடாக்காரன்
2009க்குப் பிறகு இலங்கையின் கிழக்குக் கரையில், பாசிக்குடாவில் ஹோட்டல்கள் வரிசையாக எழும்பிய கதை எல்லாருக்கும் தெரியும். என் மனதை விட்டுப் போகாதது ஒரு காலைதான். பெரியப்பா கரைவலைக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வழமையான பாதையில் போனார். வேலியடியில் காவலுக்கு நின்றவன் எங்கள் ஊர்ப் பொடியன். "பெரியப்பா, இதால விட ஏலாது, என்ட வேலை போயிரும்" என்றான், அவர் முகத்தைப் பார்க்காமல். அவர் ஒன்றும் பேசவில்லை. கயிற்றை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு சுற்றிப் போனார். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுக்கிற வலை அது, கரை நீளத்துக்குத் திறந்து கிடக்க வேணும். வேலி வந்தால் தொழில் இல்லை.

பொத்துவில் பிள்ளை
ஹோட்டலை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? சுற்றுலாவே வேண்டாம் என்பது சரியில்லை. பொத்துவில் களப்பில் (கடலோர உப்பங்கழியில்) மீனவர்களே தோணியில் கண்ணாக்காடு, அதாவது அலையாத்திக் காடு, காட்டுகிறார்கள், எஞ்சின் இல்லாமல். ஒருநாள் கரையில் யானை நின்றது. கூட வந்தவர் படம் எடுக்க "கிட்டப் போங்க, கிட்டப் போங்க" என்று கையை ஆட்டினார். தோணிக்காரர் கம்பைச் சேற்றில் ஊன்றி நிறுத்திவிட்டார். "காசத் திருப்பித் தாறன், கிட்டப் போகமாட்டன்." இறால் குஞ்சு வளர்வது அந்தக் கண்ணா வேரில்தான். அழிந்தால் முதலில் பட்டினி கிடப்பது அவர்.

கல்குடாக்காரன்
வேண்டாம் என்று நான் எங்கே எழுதினேன்? பாதையை விடச் சொல்கிறேன்.

கரைவாகு
ஹோட்டல் பற்றிய எங்கள் ஊர்க் கூட்டத்தில் ஒரு உம்மா எழும்பி, "கிணறு உப்பானா யாருட்டப் போற?" என்று கேட்டார். மேசையில் இருந்தவர்கள் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. மணல் கரையில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேல் மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. மோட்டார் போட்டு அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு ஏறிவிடும். ஆகவே அத்திவாரம் வெட்ட முதலே பேசுங்க. 1981ஆம் ஆண்டுக் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி கரையிலிருந்து உள்ளே 300 மீட்டர் வரை அனுமதியில்லாமல் அபிவிருத்தி வேலை செய்யக்கூடாது. பெரிய திட்டத்துக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கேட்டிருந்தால், பொதுமக்கள் அறிக்கையைப் பார்த்துக் கருத்து எழுத 30 நாள் உண்டு. தனி ஆளாக வேண்டாம், மீனவர் சங்கத்தின் பேரில் எழுதுங்க. கரைவலைப்பாடு (வலை இழுக்கிற இடம்), வாடி (மீனவர் கொட்டில்), கிணறு, பாதை எல்லாவற்றையும் வரைபடத்தில் குறித்துக் கொடுங்க. அப்புறம், பிரதேச செயலகத்தில் பிரதி ஒன்றில் முத்திரை குத்தி வாங்காமல் வெளியே வராதீங்க.

கல்குடாக்காரன்
சரி. எங்களுக்கு விஷயம் தெரிந்தது வேலி போட்ட பிறகுதான். இப்போது பக்கத்துக் காணியையும் அளக்கிறார்களாம். வரைபடம் கீறத் தெரிந்தவர்கள் இருந்தால் இங்கேயே எழுதுங்க, பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.