காரில் 'எர்த்': புவித்தொடுப்பா, மீள்வழியா?

அன்புள்ள ஐயா அவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

காரில் தாமே ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் பொருத்திக்கொள்ள விரும்புவோருக்கான கையேட்டில் பாதிச் சொற்கள் முடிவாகிவிட்டன; 'எர்த்' எனப்படும் கறுப்புக் கம்பிக்கு என்ன பெயர் என்பதில்தான் இன்னும் இழுபறி. ஃபியூஸுக்கு 'உருகி' என்பதை ஒருவரும் மறுக்கவில்லை. தன் வேலையைத் தன் பெயரிலேயே சொல்லும் சொல் அது. பாட்டுப்பெட்டிக்குப் பேட்டரியிலிருந்து எப்போதும் மின்சாரம் வரும் மஞ்சள் கம்பிக்கு 'நிலைமின் கம்பி', சாவியைத் திருப்பினால் மட்டும் வரும் சிவப்புக்குச் 'சாவிமின் கம்பி' என்று வைத்ததும் எனக்கு நிறைவே. சில ஜெர்மன் கார்களில் இவ்விரண்டும் இடம் மாறியிருப்பதால், பார்க்காமல் வேறு பெட்டியை இணைத்தால் வண்டியை நிறுத்தும்போதெல்லாம் வானொலி நிலையங்கள் அழிந்துபோகும். நிறத்தை நம்பாமல் மின்சாரத்தின் தன்மையைச் சொல்லும் பெயர் அங்கேதான் கைகொடுக்கிறது.

ஆம்ப்ளிஃபயரை விழிக்கச் செய்யும் வெள்ளைக் கோடிட்ட நீலக் கம்பிக்கு 'எழுப்புக் கம்பி' என்று முன்மொழிகிறேன். 'ரிமோட் ஒயர்' என்றால் புதியவர்கள் கையில் பிடிக்கும் ரிமோட்டைத்தான் நினைக்கிறார்கள்.

நான் மாறுபடுவது கறுப்புக் கம்பியில்தான். ஐயா, இலங்கைப் பாடநூல்களில் வேரூன்றிய 'புவித்தொடுப்பு' இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். வீட்டு மின்னமைப்புக்கு அதைவிடச் சிறந்த சொல் இல்லை. குழி வெட்டி, கரியும் உப்பும் இட்டு, குழாயை இறக்கி, மண்ணோடு உண்மையிலேயே தொடுக்கிறோம். ஆனால் கார் நான்கு ரப்பர் சக்கரங்களின் மேல் நிற்கிறது. அதன் கறுப்புக் கம்பி மண்ணைத் தொடுவதே இல்லை. வண்டியின் இரும்பு உடலில் போய் முடிகிறது. அந்த உடல் பேட்டரியின் எதிர்முனையோடு தடித்த பட்டையால் பிணைக்கப்பட்டிருக்கிறது. ஆம்ப்ளிஃபயருக்குள் போன மின்னோட்டம் முழுவதும் அந்த உடல் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்புகிறது.

பெயரில் என்ன இருக்கிறது, கம்பி ஒன்றுதானே என்று நானும் ஒரு காலத்தில் இருந்தேன். என் அக்காள் மகன் தன் காருக்கு ஆம்ப்ளிஃபயர் வாங்கியபோது, உடன் வந்த ஆங்கிலத் தாளை நான்தான் தமிழில் எழுதிக் கொடுத்தேன். 'புவித்தொடுப்புக் கம்பியை வண்டியின் உடலில் பொருத்தவும்' என்று எழுதினேன். அவன் கெட்டிக்காரன், வீட்டு ஒயரிங் வேலை தெரிந்தவன். பேட்டரியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு நேரே வரும் தடித்த சிவப்புக் கம்பியை (முன்பு சொன்ன சாவிமின் கம்பி அன்று) 16 சதுர மில்லிமீட்டரில் வாங்கினான். புவித்தொடுப்புக்கு, வீட்டில் மிச்சமிருந்த 1.5 சதுர மில்லிமீட்டர் பச்சை ஒயரை எடுத்து, டிக்கியில் கண்ணில் பட்ட ஒரு திருகில், வண்ணப்பூச்சின் மேலேயே முடுக்கிவிட்டான். சத்தத்தைக் கூட்டியதும் முதலில் பாட்டு கரகரத்தது, பிறகு டிக்கியிலிருந்து பிளாஸ்டிக் தீயும் வாடை வந்தது. திறந்து பார்த்தேன். பச்சை உறை இளகி, திருகுக்குப் பக்கத்தில் பளபளவென்று வீங்கியிருந்தது. விரல் வைக்க முடியவில்லை.

அவன் செய்தது அறியாமை அன்று. 'புவி' என்ற சொல் அவனுக்கு எதை நினைவூட்டியதோ அதைச் செய்தான். வீட்டில் புவிக்கம்பியில் வழக்கமாக மின்னோட்டமே இராது. கசிவு வந்தால்தான் அதற்கு வேலை. ஆகவே அது மெல்லியதாக இருக்கலாம், பச்சையாகவும் இருக்கும். காரிலோ, சிவப்பில் எத்தனை ஆம்பியர் போகிறதோ அத்தனையும் கறுப்பிலும் வந்தாக வேண்டும். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.012 ஓம். 40 ஆம்பியர் பாய்ந்தால் ஒரு மீட்டரில் அரை வோல்ட் அளவு இழப்பு, 19 வாட் வெப்பம். வண்ணப்பூச்சு இன்னும் பொல்லாதது. திருகின் அடியில் 0.1 ஓம் தடை சேர்ந்தாலே 30 ஆம்பியரில் 3 வோல்ட் தொலைந்துபோகும், 90 வாட் அந்த ஒரு புள்ளியில் சூடாகும். குறை அந்தத் தாளில் நான் எழுதிய சொல்லில் இருந்தது.

வீட்டு ஒயரிங்கோடு ஒப்பிடுவதானால், இந்தியாவில் கறுப்பு நிறம் நியூட்ரலுக்கு உரியது, அதாவது மின்னோட்டம் திரும்பும் கம்பிக்கு. காரின் கறுப்பும் அதே வேலையைத்தான் செய்கிறது. வீட்டில் புவிக்கு உரிய பச்சை, காரின் பாட்டுப்பெட்டிக் கம்பிகளில் பின்பக்க இடது ஸ்பீக்கருக்குப் போகிறது.

பிற மொழியினரும் இதைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். பிரெஞ்சில் மண்ணோடு சேர்வது 'தேர்', கருவியின் உடலோடு சேர்வது 'மாஸ்'. ஜெர்மனில் முறையே 'எர்டே', 'மாஸ்ஸே'. மின்சுற்றுப் படங்களிலும் இரண்டுக்கும் தனித்தனிக் குறிகள் உண்டு: புவிக்கு ஒன்றின் கீழ் ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே வரும் மூன்று கிடைக்கோடுகள், உடலுக்கு ஒரு கிடைக்கோட்டிலிருந்து சாய்ந்து இறங்கும் கோடுகள். ஆங்கிலம் ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்துக்கொண்டு தடுமாறுவதை நாம் ஏன் தமிழிலும் சுமக்க வேண்டும்? நம் பட்டறைகளில் 'பாடி எர்த்' என்கிறார்கள். 'பாடி' என்ற முன்னொட்டைச் சேர்க்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறதே, அந்த நுட்பத்தை நான் மதிக்கிறேன்.

இனி மாற்றுச் சொற்கள். 'எதிர்முனை' போதுமே என்றார் ஒரு நண்பர். பேட்டரியிலும் எதிர்முனை, ஸ்பீக்கரிலும் எதிர்முனை இருக்க, எதைச் சொல்கிறோம் என்று தெரியாமல் போகும். பெரும்பாலான ஆம்ப்ளிஃபயர்களில் ஸ்பீக்கரின் எதிர்முனையை வண்டியின் உடலில் தொட்டுவிட்டால் ஆம்ப்ளிஃபயரே போய்விடலாம் என்பதால் இந்தக் குழப்பம் ஆபத்தானதும்கூட. வண்டியின் சட்டகத்தை நினைத்து 'சட்டத்தொடுப்பு' என்றால் முதலில் நீதிமன்றம்தான் நினைவுக்கு வருகிறது. 'உடற்தொடுப்பு' காதுக்கு இடறுகிறது.

சென்ற மடலில் நானே 'மீள்தொடுப்பு' என்று முன்வைத்திருந்தேன். துண்டித்த மின்சாரத்தை மறுபடி கொடுப்பதைத்தான் மக்கள் 'மீள் இணைப்பு' என்று படிப்பார்கள் என நீங்கள் சுட்டியது முழுக்கச் சரி; அதைத் திரும்பப் பெறுகிறேன். இப்போது நான் நிற்பது 'மீள்வழி' என்ற சொல்லில். வழி என்று வந்துவிட்டால் 'மறுபடியும்' என்ற பொருளுக்கு இடமில்லை, மீண்டு வரும் வழி என்றே விரியும். மீள்வழிக் கம்பி, மீள்வழி முனை என்று ஒட்டுகளும் இயல்பாக அமைகின்றன.

இச்சொல்லின் பயன் இன்னொரு தொல்லையில் தெளிவாகத் தெரிகிறது. எஞ்சின் வேகம் ஏற ஏற, பாட்டோடு சேர்ந்து 'ஞீ' என்று ஓர் ஒலியும் ஏறும். முன்னால் உள்ள பாட்டுப்பெட்டி ஓரிடத்திலும் பின்னால் உள்ள ஆம்ப்ளிஃபயர் வேறோரிடத்திலும் உடலோடு சேர்ந்திருக்க, அவ்விரு இடங்களுக்கும் இடையே சிறு மின்னழுத்த வேறுபாடு இருக்கும். இரண்டையும் இணைக்கும் ஒலிக்கம்பியின் வெளிப்பின்னல் இன்னொரு பாதையாகி வளையத்தை மூடிவிடும். எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் ஏற்ற இறக்கம் அதன் வழியே ஒலியில் கலக்கும். இதைப் 'புவி வளையம்' என்று எழுதினால் படிப்பவர் மனத்தில் என்ன உருவம் தோன்றும்? 'மீள்வழிக் கண்ணி' என்றால், திரும்பும் வழி இரண்டாகிச் சிக்கிக்கொண்டது என்பது உடனே விளங்கும். இரண்டையும் ஒரே முனையில் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்ற தீர்வும் கூடவே தோன்றிவிடும்.

பழைய மோரிஸ் மைனர் காரில் நேர்முனைதான் உடலோடு சேர்ந்திருக்கும், அங்கே 'மீள்வழி' பொய்யாகுமே என்று இலங்கையிலிருந்து எழுதிய நண்பரின் கேள்வி நியாயமானது. மின்னோட்டத்தின் திசை நாம் வகுத்துக்கொண்ட வழக்கு. கம்பி ஒரு பாதி, உடல் மறுபாதி என்று சுற்று முழுமையாவது இரண்டு வண்டிகளிலும் ஒன்றே. ஆனாலும் அவ்வகை வண்டிக்கென்று கையேட்டில் தனிக்குறிப்பு கட்டாயம் வேண்டும், நேர்முனை எது என்று பார்க்காமல் இணைத்தால் பெட்டி எரிந்துவிடும்.

கையேட்டு வாசகத்தை இப்படித் திருத்தியிருக்கிறேன்: 'மீள்வழிக் கம்பி, பேட்டரியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு வரும் சிவப்புக் கம்பியின் அதே தடிமனில், அரை மீட்டருக்கு மிகாமல் இருக்கட்டும். மீள்வழி முனையில் வண்ணப்பூச்சைச் சுரண்டி, உலோகம் பளிச்சிட்ட பிறகு முடுக்கவும். பாட்டு உரக்க ஒலிக்கும்போது அம்முனைக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே மல்டிமீட்டரில் அளந்து பார்க்கவும். ஒரு வோல்ட்டின் பத்தில் இரண்டு மூன்று பங்குக்கு மேல் காட்டினால் இணைப்பு சரியில்லை.'

இதை அக்காள் மகனிடம் படிக்கக் கொடுத்தேன். கடைக்குப் போய்ச் சிவப்பில் வாங்கிய அதே தடிமனில் கறுப்புக் கம்பி அரை மீட்டர் வாங்கி வந்தான். ஐயா, தங்கள் மாணவர்களிடமும் விளக்கம் எதுவும் சொல்லாமல் இந்த வாசகத்தைக் கொடுத்துப் பாருங்கள். அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று எழுதினால் அந்த இடத்தை மாற்றிவிடலாம்.

அன்புடன்.