ஸ்பிதி போய் வந்த கதை: ஆளுக்கொரு அனுபவம்

போன செப்டம்பரில் நாங்கள் ஆறு பேர் இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்குப் போய் வந்தோம். நான், என் கணவர், அவருடைய அக்கா, அக்காவின் கணவர், அவர்கள் மகன், கணவரின் அலுவலக நண்பர் ஒருவர். சிம்லாவில் ஒரு டெம்போ டிராவலர் பிடித்து, கின்னௌர் வழியாக ஏறி, ஸ்பிதியின் தலைமை ஊரான காசா, குன்சும் கணவாய், அடல் சுரங்கம் என்று சுற்றி மணாலியில் இறங்கினோம். மணாலிப் பக்கமிருந்து போனால் 2,000 மீட்டரிலிருந்து ஒரே நாளில் 4,500 மீட்டருக்குத் தூக்கிப் போட்டுவிடும். சிம்லாப் பக்கம் சுற்றுதான், ஆனால் உடம்பு பழகப் பழக ஏறலாம்.

எங்கே தங்குவது, எவ்வளவு செலவு என்பதை எல்லாம் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நாங்கள் வேறொன்று பேசி வைத்துக்கொண்டோம். வழியில் சந்தித்தவர்களில் மறக்க முடியாத ஒருவரைப் பற்றி ஆளுக்குக் கொஞ்சம் எழுதுவது என்று. என் கணவர் இன்னும் எழுதிக்கொண்டே இருக்கிறார். நண்பர் நாலு வரி அனுப்பினார், அதில் மூன்று வரி மோமோவைப் பற்றி. கைக்கு வந்ததைப் போடுகிறேன். மாலிங் என்ற இடத்தில் நடந்ததை மட்டும் நானே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நடந்ததற்கெல்லாம் அதுதான் ஆரம்பம்.

நாகோ கிராமத்தைத் தாண்டியதும் மாலிங் நாலா என்ற ஓடை. மலைச்சரிவு மொத்தமும் பொலபொலவென்ற மண்ணும் கல்லும். முந்தின ராத்திரி சரிந்து ரோட்டை மூடியிருந்தது. டோசர் ஒரு பக்கம் தள்ளத் தள்ள மேலிருந்து மறுபடி உருண்டு வந்துகொண்டிருந்தது. ரோட்டோரம் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் சேலையைத் தூளியாகக் கட்டி ஒரு குழந்தையைத் தூங்க வைத்திருந்தார்கள். அதன் அம்மா பத்தடி தள்ளிக் கல் சுமந்துகொண்டிருந்தார். ஜார்க்கண்டில் தும்கா பக்கமாம். இந்த ரோடுகளில் வேலை செய்ய அங்கிருந்துதான் நிறையப் பேர் வருகிறார்கள். என் அரைகுறை இந்தியில் ஊரைச் சொன்னதும், "திருப்பூரா?" என்று கேட்டார். தம்பி அங்கே பனியன் கம்பெனியில் இருக்கிறானாம். "சாப்டாச்சா?" என்று தமிழில் கேட்டுவிட்டு அவரே வெட்கப்பட்டுச் சிரித்தார். அது ஒன்றுதான் தெரியுமாம். தம்பி போனில் அவன் அறைக்காரர்களிடம் கேட்பது காதில் விழுந்து கற்றுக்கொண்டது. நாங்கள் சாப்பிட்டிருந்தோம். அவர் சாப்பிட்டாரா என்று கேட்கத் தோன்றியது வண்டியில் ஏறிய பிறகுதான்.

அன்று சாயங்காலம் வரை வழி திறக்கவில்லை. நாகோவுக்கே திரும்பிப் படுத்தோம். ஒரு நாள் போயிற்று. அந்த ஒரு நாள் யார் தலையில் விடிந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அக்கா எழுதியது:

நான் ஓய்வு பெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை. கல்பாவில் எல்லாரும் கின்னர் கைலாஷ் மலையைப் பார்த்து வாய் பிளந்துகொண்டிருந்தபோது, நான் பள்ளிக்கூடம் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தேன். சுதந்திர இந்தியாவின் முதல் வாக்காளர் ஷியாம் சரண் நேகி அந்த ஊர்க்காரர். அவரும் வாத்தியார்தான். பனி மூடிவிடும் என்பதால் அங்கே முன்கூட்டியே தேர்தல் வைத்தார்கள். 1951 அக்டோபர் 25 அன்று அவர் ஓட்டுப் போட்டார். 2022 நவம்பரில் 105 வயதில் இறப்பதற்கு மூன்று நாள் முன்னால் கடைசி ஓட்டையும் போட்டுவிட்டுத்தான் போனார். எத்தனையோ தேர்தல் டியூட்டி பார்த்து, வாக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் பெஞ்சில் படுத்துத் தூங்கியவள் நான். மலைக்கு முதுகைக் காட்டி, பள்ளிக்கூட வாசலில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். நேரில் சந்திக்காதவரைப் பற்றி எழுதக்கூடாது என்கிறாள் தம்பி மனைவி. சரி, தபோவுக்கு வருகிறேன்.

தபோ மடாலயத்தை வெளியிலிருந்து பார்த்தால் நம்மூர் நெற்குதிர் ஒன்றைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். வெறும் மண். கட்டியது 996-இல். தஞ்சாவூர்ப் பெரிய கோயில் 1010-இல் முடிந்தது என்று எத்தனை வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதற்கும் 14 வருஷம் மூத்தது இது. கருங்கல் நிற்பதில் ஆச்சரியம் என்ன, மண் நின்றிருக்கிறதே! உள்ளே போட்டோ எடுக்கக்கூடாது. கும்மிருட்டு. ஒரு வயதான துறவி டார்ச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார். வெளிச்சம் விழுகிற இடத்தில் மட்டும் ஒரு முகம் வரும், போகும். நடுவில் நான்கு பக்கமும் பார்த்தபடி வைரோசனர் என்ற புத்தர். சுற்றுச் சுவர் நெடுக 32 சுதை உருவங்கள், சுவரை விட்டு இறங்கி வரப்போகிற மாதிரி. இடமிருந்து வலமாகச் சுற்றச் சொன்னார். அது எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, கால் தானாக வலம்தான் வந்தது.

வெளியே வந்ததும் கூரையைக் காட்டினார். கூரையும் மண்தான். பனி விழுந்தால் வாரித் தள்ளிவிடலாம், மழை பெய்தால்தான் பயம் என்றார். மழையே பார்க்காத ஊர் என்று இதைக் கட்டினார்கள், இப்போது மழை வருகிறது. பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று சுருட்டித் தயாராக வைத்திருந்ததையும் காட்டினார்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் புது மண்டபத்தில் பூஜை. கடைசி வரிசையில் ஒரு குட்டித் துறவி, எட்டு வயது இருக்கலாம், உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்துகொண்டிருந்தான். மந்திரம் மட்டும் வாயில் ஓடிக்கொண்டிருந்தது. முதல் பீரியடில் என் வகுப்பு பின்பெஞ்சும் இப்படித்தான். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். ரிட்டயர் ஆகியும் அந்தப் பார்வை எனக்குப் போகவில்லை போலிருக்கிறது.

அண்ணன் (அக்காவின் கணவர்) எழுதியது:

மின்வாரியத்தில் குப்பை கொட்டியவன் நான். மீட்டர் காட்டாததை நம்ப மாட்டேன். கியூ என்ற கிராமத்தில் உட்கார்ந்த நிலையில் ஒரு துறவியின் உடல் இருக்கிறது, சங்கா டென்சின் என்று பெயர், சுமார் 500 வருஷம் பழையது என்றார்கள். 1975 பூகம்பத்தில் சமாதி பிளந்து வெளிப்பட்டதாம். 2004-இல் தோண்டி எடுத்தார்கள். ஊரில் தேள் பெருகி அவதிப்பட்டபோது அவர் தவத்தில் உட்கார்ந்தார், உயிர் போனதும் தேள்களும் போயின, வானவில் தோன்றியது என்பது ஊர்க்கதை.

சாவி வைத்திருந்தவர் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. வயலில் இருந்து வந்தார், கையெல்லாம் மண். முடியும் நகமும் இன்னும் வளர்கிறது என்றார். "யார் அளந்தது?" என்று கேட்டேன். என் மகன் இந்தியில் மாற்றிச் சொன்னான். அவர் கோபப்படவில்லை. "நீங்கள் அளந்துவிட்டுப் போங்கள், அடுத்த வருஷம் வந்து மறுபடி அளங்கள்" என்றார். எனக்கு இதைவிட நல்ல பதில் ஆபீசில் ஒரு நாளும் கிடைத்ததில்லை.

நம்மூரிலும் ஜீவசமாதி உண்டு. மேலே லிங்கம், கீழே மூடிய குழி. உள்ளே எப்படி இருக்கிறார் என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. இங்கே கண்ணாடிக்குப் பின்னால் அவர் பல் தெரிகிறது. முழங்காலைக் கட்டிக்கொண்டு, நாடியைச் சாய்த்து, குளிருக்கு ஒடுங்கி உட்கார்ந்த யாரோ மாதிரி இருந்தார். சங்கடமாக இருந்தது. குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். போட்டோ எடுக்கவில்லை.

மருமகன் எழுதியது (அக்காவின் மகன், கல்லூரி இரண்டாம் ஆண்டு; நான் திருத்தியது எழுத்துப் பிழைகளை மட்டும்):

லாங்சா கிராமத்தில் ஒரு சின்னப் பையன் சட்டைப் பையிலிருந்து ஒரு கருப்புக் கல்லை எடுத்துக் காட்டினான். உள்ளே நத்தைச் சுருள். அம்மோனைட் என்ற கடல் உயிரின் புதைபடிவம்! டெதிஸ் கடலில் வாழ்ந்தது. இமயமலை எழும்புவதற்கு முன்னால் அங்கே இருந்தது கடல் என்று பாடத்தில் படித்து மார்க் வாங்கியிருக்கிறேன், ஆனால் 4,400 மீட்டர் உயரத்தில் அதைக் கையில் வைத்திருந்தபோதுதான் சிலிர்த்தது. இருநூறு ரூபாய் என்றான். பர்ஸை எடுத்துவிட்டேன். டிரைவர் பையா வண்டியிலிருந்தே சத்தம் போட்டார், வை கீழே என்று. ஆளுக்கு ஒன்று எடுத்துப் போனால் மலையில் என்ன மிஞ்சும் என்று எனக்கும் அவனுக்கும் சேர்த்துத் திட்டு. பையன் கல்லைப் பையில் போட்டுக்கொண்டு, அப்படியானால் பிஸ்கட் இருக்கிறதா என்று கேட்டான். இருந்தது.

மறுநாள் ஹிக்கிம் தபால் நிலையம். 1983-இலிருந்து இருக்கிறது. அங்கிருந்து தபால் பையைத் தூக்கிக்கொண்டு காசா வரைக்கும் நடந்தே போவார்களாம். பாட்டிக்கு ஒரு கார்டு போட்டேன். நான் வீட்டுக்கு வந்து பதினெட்டு நாள் கழித்துக் கார்டு வந்தது. "பத்திரமாகப் போய்ச் சேர்ந்தேன்" என்று எழுதியிருந்ததைப் பாட்டி என்னையே படித்துக் காட்டச் சொன்னார்.

இனி என் கதை.

மாலிங்கில் ஒரு நாள் போனது என்றேனே. காசாவில் இரண்டு ராத்திரி தங்கி உடம்பைப் பழக்குவதாகத் திட்டம். அதில் ஒன்றை வெட்டினோம். கீ மடாலயம், கிப்பர், சிச்சம் பாலம் என்று பகல் முழுக்க ஓடிவிட்டு, ராத்திரி லாங்சாவில் ஒரு வீட்டில் தங்கினோம். காசா ஏறக்குறைய 3,700 மீட்டர். ஒரே தாவலில் 700 மீட்டர் மேலே போய்ப் படுக்கிறோம். இது ஒரு தப்பு. இன்னொன்றை எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் பெண்கள் படிப்பீர்கள் என்பதால் எழுதுகிறேன். நான்கு நாளாக நான் சரியாகத் தண்ணீரே குடிக்கவில்லை. வழியில் மரம் கிடையாது, புதர் கிடையாது, மறைவு கிடையாது. ஆண்கள் வண்டியின் பின்னால் போய்விடுகிறார்கள். நான் நாக்கை நனைத்துக்கொள்வதோடு சரி. இதை யாரிடமும் சொல்லவும் இல்லை.

அந்த வீட்டுப் பாட்டிக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். முகம் முழுக்கச் சுருக்கம், நடை மட்டும் இளவட்டம். நடு அறையில் தகர அடுப்பு, அதில் வறட்டி. பாட்டிக்கு இந்தி என்னளவுதான் வரும், அதனால் இருவரும் நன்றாகவே பேசிக்கொண்டோம். பார்லி அறுப்பு நடந்துகொண்டிருந்தது. மாடியில் கழிப்பறை. தரையில் ஓட்டை, மூலையில் சாம்பலும் மண்ணும் குவியல், ஒரு மண்வெட்டி. போய்விட்டு இரண்டு அள்ளுப் போட வேண்டும். கீழே சேர்வது வசந்த காலத்தில் வயலுக்கு எருவாகப் போகும். தண்ணீரே கிடையாது, நாற்றமும் கிடையாது. பாட்டி எப்படி அள்ளுவது என்று செய்து காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

சிரிப்பு அதோடு சரி. எட்டு மணிக்குத் தலைவலி தொடங்கியது. குடித்த துக்பா (நூடுல்ஸ் சூப்) உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது. படுத்தால் மூச்சு நெஞ்சில் ஏறி நிற்கிறது. கணவர் பாராசிட்டமால் கொடுத்துவிட்டு, காலையில் சரியாகிவிடும் என்றார். நானும் அதைத்தான் சொன்னேன். ஒருத்தியால் எல்லார் பயணமும் கெடக்கூடாது என்று.

பத்தரை மணிக்குப் பாட்டி விளக்கோடு வந்தார். என் முகத்தைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கையைப் பிடித்து எழுப்பி, தரை விரிப்பின் கரைக்கோட்டைக் காட்டி, அதன் மேல் நட என்றார், ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் விரலில் ஒட்டி ஒட்டி வைத்து. மூன்றாவது அடியில் சுவரைப் பிடித்தேன். மறுபடி நட என்றார். மறுபடியும் சுவர். பாட்டி என் கணவரைத் திரும்பிப் பார்த்து ஒரே வார்த்தை சொன்னார். "நீச்சே." கீழே. டிரைவரை எழுப்ப அவரே போனார்.

காலையில் பார்க்கலாமா என்று யாரோ கேட்டதற்கு அவர் பதில்கூடச் சொல்லவில்லை. என் ஷூவை எடுத்து என் காலில் மாட்டிக்கொண்டிருந்தார்.

காசா பதினைந்து கிலோமீட்டர் போல இருக்கும். அந்த வளைவுகளில் நள்ளிரவில் ஒரு மணி நேரம். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். விரிப்பின் மேல் நடக்க வைத்ததைக் கணவர் சொன்னதும் டாக்டர், அதே சோதனையைத்தான் நாங்களும் செய்வோம் என்றார். தள்ளாட்டம் என்றால் மூளையில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம், காலை வரை வைத்திருந்தால் தூக்கிக்கொண்டுதான் வந்திருக்க வேண்டும் என்றார். எத்தனை டூரிஸ்டுகளைப் பார்த்து அந்தக் கோட்டைப் பாட்டி கற்றுக்கொண்டாரோ. இரண்டு நாள் காசாவிலேயே இருந்தேன். கூட இருந்த கணவர் மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை, ஆனால் ஒரு மணிக்கு ஒரு தடவை தண்ணீர் டம்ளரோடு வந்து நின்றார்.

மற்றவர்கள் மறுநாள் ஹிக்கிம், கோமிக் பார்த்துவிட்டுச் சாயங்காலம் இறங்கி வந்தார்கள். அவசரத்தில் லாங்சாவிலேயே விட்டுவந்த என் சால்வையும் பிளாஸ்கும் வந்தன. பிளாஸ்க் கனமாக இருந்தது. மூடியைத் திறந்தால் வெந்நீர், வாய் வரைக்கும். பாட்டி ஊற்றிக் கொடுத்தாராம். அவர் சொல்லச் சொன்னதை டிரைவர் பையா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "மலை பெரியது, பாறைகள் நிறைய இருக்கின்றன, குடி."

நான் யாரிடமும் சொல்லவில்லை என்றேனே. அந்த மண்வெட்டி பாடம் நடத்தியபோதே கண்டுபிடித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

காசாவிலிருந்து கிளம்பிய அன்று குன்சும் ஏறுவதற்குள் நான்கு தடவை வண்டியை நிறுத்தச் சொன்னேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மேலே குன்சும் தேவி கோயிலை வண்டியோடு ஒரு சுற்று வலம் வந்து, ஐந்தாவது தடவை நிறுத்தியபோது அக்காவும் கூட இறங்கி வந்தார்.