சிப் ப்ராக்ஸியிலிருந்து அழைப்பைத் துண்டித்தால் ஒரு முனை மட்டுமே துண்டிக்கப்படுகிறது: உதவி தேவை

கேள்வி

வணக்கம். எங்கள் அலுவலகத்தின் 40 சிப் (இணையவழி அழைப்புகளை இணைக்கும் நெறிமுறை) தொலைபேசிகள், அழைப்புச் செய்திகளை இடையில் கடத்தும் காமைலியோ என்ற ப்ராக்ஸி சேவையகத்தின் வழியாக இயங்குகின்றன. வெளி அழைப்புகள் ஒரு சேவை நிறுவனத்தின் சிப் ட்ரங்க் (வெளித் தொலைபேசி வலைக்கான இணைப்பு) வழியே செல்கின்றன. சென்ற மாதம் ஓர் இரவில், எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல் இருந்த ஓர் எக்ஸ்டென்ஷனை (உள் தொலைபேசி எண்ணை) யாரோ கைப்பற்றி வெளிநாட்டு எண்களுக்குப் பேசத் தொடங்கிவிட்டனர். கடவுச்சொல்லை மாற்றினேன், காமைலியோவையே நிறுத்தி மீண்டும் தொடங்கினேன், நடந்துகொண்டிருந்த அழைப்புகள் ஒன்றும் அறுபடவில்லை. ட்ரங்க் நிறுவனத்தாரைத் தொலைபேசியில் பிடித்து அவர்கள் பக்கத்தில் நிறுத்தச் சொல்லும் வரை கட்டணம் ஏறிக்கொண்டே இருந்தது.

அது மீண்டும் நேரக் கூடாது என்பதற்காக நடப்பு அழைப்புகளைக் கண்காணிக்கும் காமைலியோவின் டயலாக் மாட்யூலைச் சேர்த்திருக்கிறேன். 'டிஎல்ஜி.லிஸ்ட்' கட்டளையில் நடப்பு அழைப்புகள் தெரிகின்றன. அழைப்பை முடிக்கும் 'டிஎல்ஜி.எண்ட்_டிஎல்ஜி' கட்டளையைக் கொடுத்தால் ட்ரங்க் பக்கம் உடனே துண்டிக்கப்படுகிறது. ஆனால் வீட்டிலிருந்து பணியாற்றுவோரின் தொலைபேசிகளில் மட்டும் அழைப்பு நேரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. எதிர்முனையில் இருப்பவர் தாமாகவே வைத்துவிட்டால், அதே தொலைபேசிகள் சரியாகத் துண்டிக்கப்படுகின்றன. இந்த வேறுபாட்டின் காரணம் எனக்குப் புரியவில்லை.

மறுமொழி 1

வணக்கம் ஐயா. அந்த இரவில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். சிப் நெறிமுறையை வரையறுத்து 2002 ஜூனில் வெளிவந்த ஆர்எஃப்சி 3261 ஆவணத்தின்படி, பேசத் தொடங்கிவிட்ட அழைப்பை முடிக்கும் 'பை' கோரிக்கை இரு முனைகளில் ஒன்றிலிருந்து வர வேண்டும்; ப்ராக்ஸி அதைக் கடத்தித் தருமே தவிர, தானே எழுப்பும் உரிமை அதற்கு அளிக்கப்படவில்லை. குரலோ ப்ராக்ஸியைத் தொடாமல் ஆர்டிபி என்ற குரல் கடத்தும் நெறிமுறை வழியே தனியாகச் செல்கிறது. ஆகவே காமைலியோவை நிறுத்தியது, அழைப்பை இணைத்துவைத்த இடையாளை அகற்றியதாக மட்டுமே ஆயிற்று, பேச்சு நிற்கவில்லை. அழைப்பை விலக்கிக்கொள்ளும் 'கேன்சல்' கோரிக்கையும் மணி அடித்துக்கொண்டிருக்கும் நிலைக்குத்தான் உதவும். 200 (ஏற்கப்பட்டது) மறுமொழி வந்த பிறகு அதனால் பயனில்லை.

டயலாக் மாட்யூல் கால்-ஐடி (அழைப்பின் அடையாளம்), இரு பக்க டேக்குகள் (முனைகளின் அடையாளங்கள்), சிசீக் எண்கள் (கோரிக்கைகளின் வரிசை எண்கள்), கான்டாக்ட் முகவரிகள் (தொலைபேசியை நேரடியாக எட்டும் முகவரிகள்), ரூட் (செய்தி செல்லும் வழி) ஆகியவற்றை நினைவில் வைத்துக்கொண்டு, அழைத்தவருக்கு அழைக்கப்பட்டவர் போலவும், அழைக்கப்பட்டவருக்கு அழைத்தவர் போலவும் இரண்டு 'பை' கோரிக்கைகளை அனுப்புகிறது. அவற்றில் ஒன்று தங்களிடம் வழிதவறுகிறது. சிப் செய்திகளைக் காட்டும் எஸ்என்கிரெப் கருவியில் பார்த்து, அது எந்த ஐபி முகவரிக்குச் செல்கிறது என்று தெரிவியுங்கள்.

கேள்வி கேட்டவர்

பார்த்தேன் ஐயா. 192.168.1.23 என்ற முகவரிக்குச் செல்கிறது. மறுமொழி இல்லாமல் பலமுறை அனுப்பப்பட்டு, 32 நொடிகளுக்குப் பின் 408 (நேரம் கடந்தது) என்று முடிகிறது. அது அந்த ஊழியரின் வீட்டு ரவுட்டருக்குள் இருக்கும் முகவரி. நேட் (ரவுட்டர் உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றுவது) சிக்கலுக்காக 'ஆட்_கான்டாக்ட்_அலையஸ்', 'ஹேண்டில்_ஆர்யுஆர்ஐ_அலையஸ்' ஆகிய இரண்டு காமைலியோ செயல்கூறுகளையும் பயன்படுத்துகிறேன்.

மறுமொழி 1

காரணம் அதுவே. 'ஆட்_கான்டாக்ட்_அலையஸ்' தொலைபேசியின் வெளி முகவரியை, வெளியே செல்லும் செய்தியில் மட்டும் ஒட்டுகிறது. டயலாக் மாட்யூல் குறித்துவைத்ததோ ஒட்டப்படாத பழைய கான்டாக்ட். எதிர்முனை அனுப்பும் 'பை' அந்த ஒட்டுடன் வருவதால், தங்கள் காமைலியோ அமைப்புக் கோப்பின் ரூட் பகுதி அதைப் பிரித்துச் சரியான இடத்துக்கு அனுப்பிவிடுகிறது. காமைலியோ தானே உருவாக்கும் 'பை' அந்த ரூட் பகுதி வழியாகச் செல்வதில்லை.

எளிய தீர்வாக, நேட்டுக்குப் பின்னால் இருக்கும் தொலைபேசிகளுக்கு மட்டும் 'ஃபிக்ஸ்_நேட்டட்_கான்டாக்ட்' பயன்படுத்துங்கள். இன்வைட் (அழைப்பைத் தொடங்கும் கோரிக்கை) வரும்போது, டயலாக் மாட்யூலின் கண்காணிப்பைத் தொடங்கும் 'டிஎல்ஜி_மேனேஜ்' இயங்குவதற்கு முன்பே அது நடந்திருக்க வேண்டும். தொலைபேசி அழைக்கப்படும் பக்கமாக இருக்கும்போது, மறுமொழியைக் கையாளும் ரூட்டிலும் அது வேண்டும். பலர் இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். இது கான்டாக்டையே மாற்றி எழுதுவதால் ஆர்எஃப்சி விதிக்குப் புறம்பானது என்பதையும் அறிந்தே செய்யுங்கள். சில தொலைபேசிகள் தமக்குரியதல்லாத முகவரியுடன் வரும் கோரிக்கையை ஏற்க மறுக்கலாம்.

மறுமொழி 2

மேலே சொல்லப்பட்டது சரியே. ஆனால் நள்ளிரவில் யாரும் கட்டளை தட்டாவிட்டாலும் அழைப்பு முடிய வேண்டும் என்பதே தங்கள் உண்மையான தேவை என்று கருதுகிறேன். டயலாக் மாட்யூலின் இயல்பான காலவரம்பு 43200 நொடிகள், அதாவது 12 மணி நேரம். அது முடிந்தாலும் நினைவிலிருந்து பதிவு அழிக்கப்படுமே தவிர 'பை' அனுப்பப்படாது. 'டைம்அவுட்_பை' மதிப்பை 1 ஆக்கினால்தான் அனுப்பப்படும். பதிவைத் தரவுத்தளத்தில் எழுதுவதா என்பதைக் குறிக்கும் 'டிபி_மோட்' இயல்பாக 0 (எழுதுவதில்லை) என்பதால், சேவையகத்தை மீண்டும் தொடங்கினால் நடப்பு அழைப்புகளின் பதிவு முழுவதும் போய்விடும். பிறகு எதைத் துண்டிப்பது? தரவுத்தளத்தில் எழுதும்படி அதை மாற்றிவிடுங்கள்.

ஊழியரின் இணைய இணைப்பே அறுந்துபோகும் நிலைக்கு ஆர்எஃப்சி 4028 கூறும் செஷன் டைமர் உதவும். இரு முனைகளில் ஒன்று குறிப்பிட்ட இடைவெளியில் அழைப்பைப் புதுப்பிக்காவிட்டால் மறுமுனை தானே 'பை' அனுப்பிவிடும்; பரிந்துரைக்கப்படும் இடைவெளி 1800 நொடிகள், குறைந்தபட்சம் 90. ஆர்டிபி எஞ்சினின் (குரலைக் கடத்தும் துணைச் சேவையகத்தின்) காலவரம்பை இதற்கு மாற்றாக நம்ப வேண்டாம். அது குரல் வழியை மூடுமே தவிர, தானாக 'பை' அனுப்பாது, ட்ரங்க் பக்கம் கட்டணம் தொடரும்.

முன்பணம் தீர்ந்த நொடியிலேயே துண்டிக்க வேண்டிய அமைப்பாக இருந்தால், நான் ப்ராக்ஸியை நம்ப மாட்டேன். இரு பக்கமும் தானே முனையாக நிற்கும் ஆஸ்டெரிஸ்க் அல்லது ஃப்ரீஸ்விட்ச் போன்ற தொலைபேசிச் சேவையகம் ஒன்றை ட்ரங்குக்கு முன்னால் வைப்பேன். தங்கள் அளவுக்கு அது தேவையில்லை.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்வைட் பகுதியில் மட்டும் திருத்தியபோது, வெளியே அழைத்த தொலைபேசிகள் துண்டிக்கப்பட்டன; உள்வரும் அழைப்பை ஏற்றவை துண்டிக்கப்படவில்லை. மறுமொழி ரூட்டிலும் சேர்த்த பிறகு இரண்டு 'பை' கோரிக்கைகளுக்கும் 200 வருகிறது. எங்கள் பணியில் 2 மணி நேரத்தைத் தாண்டும் அழைப்பே இல்லையாதலால் காலவரம்பை 7200 நொடிகளாக்கி, 'டைம்அவுட்_பை' மதிப்பையும் 1 ஆக்கிவிட்டேன். ஒரு பழைய மாதிரித் தொலைபேசி மட்டும் செஷன் டைமரை ஏற்கவில்லை. அதற்கு ட்ரங்க் பக்கமே புதுப்பிக்கும் பொறுப்பை ஏற்குமா என்று நிறுவனத்தாரிடம் கேட்டிருக்கிறேன்.